பழைய கருவிகளும் நம் பொறுப்பும்

(பொருளியல் முதுநிலை மாணவர்களுக்கும், அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்த அலுவலர்களுக்கும் நடைபெற்ற பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக உற்பத்தியைப் பற்றியே பேசுகிறோம். எத்தனை தொலைக்காட்சிப் பெட்டிகள் செய்தோம், எத்தனை கணினிகளை விற்றோம், எத்தனை வீடுகளுக்குக் குளிர்சாதனப் பெட்டி சென்றடைந்தது என்று கணக்கிடுகிறோம். அவை பழுதடைந்த பின் எங்கே போகின்றன என்னும் கேள்விக்கு நம் புள்ளிவிவர அட்டவணைகளில் நெடுங்காலம் இடமே இருந்ததில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். முதலில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறிவிடுகிறேன்.

2008ஆம் ஆண்டு நான் டெல்லியில் ஓர் அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவைக் கவனித்து வந்தேன். மாடிப்படியின் கீழே பூட்டிய அறை ஒன்று இருந்தது. அதில் 40 பழைய கணினிகளும், அவற்றின் பருத்த படக்குழாய்த் திரைகளும், சில அச்சுப்பொறிகளும் தூசி படிந்து கிடந்தன. அறை வேறு பணிக்குத் தேவைப்பட்டதால் அவற்றை அகற்றக் கோப்பு எழுந்தது. ஒப்பந்தப்புள்ளி கோரினோம். மூவர் விலை குறிப்பிட்டனர். அவற்றுள் மிகக் குறைந்த விலை கொடுத்தவர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற ஆலை தம்மிடம் உண்டு என்று ஒரு குறிப்பை இணைத்திருந்தார். மிக அதிக விலை கொடுத்தவர் எந்தக் குறிப்பும் இணைக்கவில்லை. அவர் கொடுத்த விலையோ, முன்னவர் கொடுத்ததைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அரசுக்கு அதிக வருவாய் தரும் விலையை ஏற்பதே முறை. நானும் அவ்வாறே குறிப்பெழுதிக் கையெழுத்திட்டேன். தணிக்கையில் ஓர் ஆட்சேபணையும் எழவில்லை.

சில மாதங்கள் கழித்து, வேறொரு பணி நிமித்தமாகக் கிழக்கு டெல்லியில் உள்ள சீலம்பூருக்குச் செல்ல நேர்ந்தது. பழைய மின்னணுக் கருவிகளைப் பிரித்தெடுக்கும் தொழிலுக்குப் பெயர் பெற்ற இடம் அது. குறுகிய சந்துகளில், வீட்டு வாசல்களிலேயே பெண்களும் சிறுவர்களும் அமர்ந்து கணினிகளை உடைத்துக்கொண்டிருந்தனர். சுத்தியலால் படக்குழாயின் கழுத்தைத் தட்டி, அதிலிருந்த செம்புச் சுருளைக் கழற்றிக்கொண்டிருந்தான் ஒரு சிறுவன். கண்ணாடித் துண்டுகள் சாக்கடையில் விழுந்தன. அங்கே குவிந்திருந்த பெட்டிகள் சிலவற்றின் மீது வெள்ளைச் சாயத்தால் எழுதப்பட்ட அரசு இருப்பு எண்கள் தெரிந்தன. அவை எங்கள் அலுவலகத்துப் பொருள்கள்தாம் என்று கூற என்னிடம் சான்று இல்லை. அல்ல என்று கூறவும் சான்று இல்லை. நான் எந்த விதியையும் மீறவில்லை. ஆயினும் எனது கையெழுத்து எங்கே போய் நின்றது என்பதை அன்று உணர்ந்தேன்.

பெருகி வரும் அளவு

1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்ற ஆண்டில் நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி அறிமுகமாயிற்று. 1984இல் ரங்கராஜன் குழு வங்கிகளைக் கணினிமயமாக்கப் பரிந்துரை செய்தது. 1995இல் கைப்பேசிச் சேவை தொடங்கிற்று. அக்காலத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி ஒரு குடும்பத்தில் இருபது ஆண்டுகள் இருந்தது. பழுதானால் பழுது பார்ப்பவர் வீட்டுக்கே வந்தார். இன்று கைப்பேசி இணைப்புகள் மட்டுமே 100 கோடியைத் தாண்டிவிட்டன. ஒரு கைப்பேசியை நான்கு ஆண்டுகள் வைத்திருப்பவரைச் சிக்கனக்காரர் என்கிறோம்.

உலக அளவில் 2010இல் 3.4 கோடி டன்னாக இருந்த மின்னணுக் கழிவு, 2022இல் 6.2 கோடி டன்னாக உயர்ந்தது என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகள் 2024இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. இதே போக்கு நீடித்தால் 2030இல் கழிவு 8.2 கோடி டன்னை எட்டும் என்று அதே அறிக்கை மதிப்பிடுகிறது.

நம் நாட்டில் 2019-20இல் 10.14 லட்சம் டன் மின்னணுக் கழிவு உண்டானதாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மதிப்பிட்டது. 2021-22இல் இது 16.01 லட்சம் டன்னாக உயர்ந்தது. அதே காலத்தில், முறையாகக் கையாளப்பட்ட அளவு 2.24 லட்சம் டன்னிலிருந்து 5.27 லட்சம் டன்னாயிற்று. முன்னேற்றம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மூன்றில் இரண்டு பங்கு அப்போதும் கணக்கிற்கு வெளியே போயிற்று. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் அறிக்கை 2022ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் கழிவை ஏறத்தாழ 41 லட்சம் டன் என்று கூறுகிறது. இரு எண்களும் முரண்படுவதாகத் தோன்றும். வாரியத்தின் மதிப்பீடு, அன்றைய விதிகளில் பட்டியலிடப்பட்ட 21 வகைக் கருவிகளை மட்டுமே கொண்டது. உலக அறிக்கையோ மின்சாரத்தால் இயங்கும் எல்லாப் பொருள்களையும் எடுத்துக்கொள்கிறது. எதை எண்ணுகிறோம் என்று கேளாமல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவது பொருளியல் மாணவருக்கு அழகன்று.

ஒரே பெட்டியில் பொன்னும் நஞ்சும்

மின்னணுக் கழிவை ஏனைய குப்பையிலிருந்து வேறுபடுத்துவது அதனுள் இருக்கும் பொருள்களே. கோலார் தங்கச் சுரங்கத்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் பொன் தந்த சுரங்கம் அது. தொழிலாளர்கள் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திற்கு இறங்கி உழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் போன்ற பகுதிகளிலிருந்து சென்ற தமிழர்கள். இறுதிக் காலத்தில் ஒரு டன் பாறையிலிருந்து சில கிராம் பொன்னே கிடைத்தது. செலவு கட்டுப்படியாகாமல் 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. மின்கலம் நீக்கிய ஒரு டன் பழைய கைப்பேசிகளில் 200 முதல் 300 கிராம் வரை பொன் இருக்கிறது. இவற்றோடு வெள்ளி, பல்லேடியம், ஏராளமான செம்பு ஆகியவையும் உண்டு. நாம் மூடிவிட்ட சுரங்கத்தைவிட வளமான ஒரு சுரங்கம் நம் வீட்டு அலமாரிகளில் கிடக்கிறது என்றால் அது மிகையாகாது.

இதைச் செயலில் காட்டிய நாடு ஜப்பான். டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளுக்குத் தேவையான ஏறத்தாழ 5,000 பதக்கங்களையும் மக்கள் அளித்த பழைய கருவிகளிலிருந்தே செய்வதென 2017 ஏப்ரலில் ஓர் இயக்கம் தொடங்கினர். ஈராண்டுகளில் 78,985 டன் கருவிகள் சேர்ந்தன. அவற்றுள் கைப்பேசிகள் மட்டும் 62 லட்சத்திற்கு மேல். அவற்றிலிருந்து 32 கிலோ பொன்னும் 3,500 கிலோ வெள்ளியும் 2,200 கிலோ வெண்கலமும் கிடைத்தன. நாட்டின் 90 சதவீதத்திற்கும் மேற்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் இதில் பங்கேற்றன. உலோகத்தைப் பிரித்தெடுக்கும் நுட்பம் புதிதன்று. பழைய கருவியைக் கொண்டு வந்து போட ஒவ்வொரு நகரிலும் ஒரு பெட்டி இருந்தது என்பதே அவர்களுடைய வெற்றியின் காரணம்.

இனி நஞ்சைப் பார்ப்போம். பழைய படக்குழாயின் கண்ணாடியில் ஓரிரு கிலோ ஈயம் கலந்திருக்கும். மின்சுற்றுப் பலகையில் கருவிகளை ஒட்டவைக்கும் பற்றாசிலும் ஈயம் உண்டு. குழல் விளக்கில் பாதரசமும், சில மின்கலங்களில் காட்மியமும் உள்ளன. நெகிழி உறைகளில் தீப்பற்றாமல் இருக்கச் சேர்க்கப்பட்ட புரோமின் சேர்மங்கள் உள்ளன. இவை கருவிக்குள் அடங்கியிருக்கும் வரை நமக்குத் தீங்கில்லை. திறந்த வெளியில் எரிக்கும்போதும், அமிலத்தில் ஊறவைக்கும்போதும்தான் தீங்கு தொடங்குகிறது. செம்புக் கம்பியின் மேலுறையை நீக்க அதைக் கொளுத்துகிறார்கள். அவ்வுறையில் உள்ள குளோரினும், வினையைத் தூண்டும் செம்பும் சேர்ந்து டையாக்சின் என்னும் கொடிய நச்சுப் பொருளை உண்டாக்குகின்றன. குழந்தையின் உடலில் ஈயம் இவ்வளவு இருந்தால் கேடில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஈயம் முதலில் தாக்குவது வளரும் மூளையை. அதாவது, நாம் பள்ளிக்கூடம் கட்டி உயர்த்த முயலும் அதே அறிவுத்திறனை அது கீழே இழுக்கிறது.

உத்தரப் பிரதேசத்தில் உள்ள முராதாபாத் பித்தளைப் பாத்திரங்களுக்குப் புகழ் பெற்ற நகரம். உலோகத்தை உருக்கும் கைத்திறன் அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. அந்தத் திறனே மின்சுற்றுப் பலகைகளையும் அங்கு ஈர்த்தது. பலகைகளை எரித்து, சாம்பலைக் கழுவி உலோகம் எடுத்தனர். ராம்கங்கை ஆற்றங்கரையில் கருஞ்சாம்பல் குவியல் குவியலாகச் சேர்ந்து, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிடும் நிலை ஏற்பட்டது. பழைமையான ஒரு கைத்தொழிலின் திறன், முறையான வழி காட்டப்படாததால், ஆற்றுக்கே பகையாயிற்று.

குளிர்சாதனப் பெட்டியை மக்கள் மின்னணுக் கழிவாக நினைப்பதில்லை. பழைய பெட்டிகளில் இருந்த குளோரோபுளோரோகார்பன் வாயு ஓசோன் படலத்தை அரிப்பது. அதன் உற்பத்தியை இந்தியா 2008 ஆகஸ்ட் 1 முதல் நிறுத்தியது. உலக அரங்கில் பாராட்டுப் பெற்ற நடவடிக்கை இது. ஆனால் பழைய பெட்டி ஒன்றை வாங்கிச் செல்பவர் செம்புக் குழாயை வெட்டும் அந்த ஒரு நொடியில், உள்ளே எஞ்சியிருக்கும் வாயு முழுவதும் வெளியேறிவிடுகிறது. உடன்படிக்கையால் நாம் காத்ததை, ஒரு வெட்டுக்கத்தியால் இழக்கிறோம்.

அதிக விலையின் பொருள்

இப்போது என் பழைய கோப்புக்குத் திரும்புகிறேன். ஒரே குவியலுக்கு ஒருவர் மற்றவரைப் போல் இரு மடங்கு விலை கொடுக்க எவ்வாறு முடிந்தது? அவரிடம் உயர்ந்த தொழில்நுட்பம் இருந்ததா? இல்லை. முறையான உருக்காலை, பலகையில் உள்ள பொன்னில் 90 சதவீதத்திற்கு மேல் மீட்டெடுக்கிறது. அமிலத் தொட்டியிலோ பொன்னில் ஒரு பகுதியே கிடைக்கிறது. பல்லேடியம் போன்றவை கழிவுநீரோடு போய்விடுகின்றன. அப்படியிருந்தும் அதிக விலை கொடுக்க முடிகிறது என்றால், செலவில்தான் விடை இருக்க வேண்டும்.

முறையான ஆலை, புகையை வடிகட்டும் அமைப்பு வைக்க வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்க வேண்டும். ஈயக் கண்ணாடியை, ஆபத்தான கழிவுகளுக்கென உள்ள கிடங்கிற்குப் பணம் கொடுத்து அனுப்ப வேண்டும். தொழிலாளிக்கு முகமூடியும் கையுறையும், சட்டப்படியான கூலியும், காப்பீடும் தர வேண்டும். சந்தில் வேலை செய்விப்பவருக்கு இவற்றில் ஒன்றுமில்லை. புகை காற்றில் போகிறது. அமிலம் சாக்கடையில் போகிறது. நோய் தொழிலாளியின் வீட்டுக்குப் போகிறது. பொருளியலில் இதைப் புறச்செலவு என்று படிக்கிறோம். ஒருவர் உண்டாக்கும் செலவை வேறொருவர் சுமப்பதே புறச்செலவு.

ஆகவே எனது கோப்பில் அதிகமாக வந்த அந்தத் தொகை, உண்மையில் வருவாயன்று. செலுத்தப்படாத செலவு அது. அரசின் ஒரு கணக்கில் வரவாகத் தோன்றியது, அரசின் வேறொரு கணக்கில், மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில், ஆற்றைத் தூய்மைப்படுத்தும் திட்டத்தில், பன்மடங்கு செலவாகத் திரும்பி வருகிறது. அதிக விலை கொடுப்பவருக்கே பொருள் என்னும் விதி, மேசை நாற்காலிகளுக்குப் பொருந்தும். நஞ்சு அடங்கிய பொருளுக்குப் பொருந்தாது. அங்கே அந்த விதி, மிக மோசமாக நடந்துகொள்பவரையே தேடிப் பிடித்துப் பரிசளிக்கிறது.

சட்டம் கடந்து வந்த வழி

இதை உலகம் சற்றுக் காலம் தாழ்த்தியே உணர்ந்தது. செல்வ நாடுகளின் ஆபத்தான கழிவுகள் ஏழை நாடுகளின் கரைகளில் கொட்டப்படுவதைத் தடுக்க 1989இல் பாசல் உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியா 1992இல் அதை ஏற்றது. 2025 ஜனவரி 1 முதல், எவ்வகை மின்னணுக் கழிவையும் பெறும் நாட்டின் முன் ஒப்புதலின்றி எல்லை கடத்தக் கூடாது என அந்த உடன்படிக்கை விரிவாக்கப்பட்டுள்ளது.

நம் நாட்டில் மின்னணுக் கழிவுக்கென்றே தனி விதிகள் 2011இல் வெளியிடப்பட்டு, 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பொருளைச் சந்தைக்குக் கொண்டுவரும் உற்பத்தியாளரே அதன் இறுதிக்கும் பொறுப்பாவார் என்னும் கொள்கையை அவை புகுத்தின. பொறுப்பு சொல்லப்பட்டதே தவிர, எவ்வளவு சேகரிக்க வேண்டும் என்று இலக்கு வைக்கப்படவில்லை. இக்குறையை 2016ஆம் ஆண்டின் விதிகள் ஓரளவு நீக்கின. 2022 நவம்பரில் வெளியிடப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள விதிகளே இன்று நம்மை ஆள்பவை. பட்டியலில் உள்ள கருவிகள் 21இலிருந்து 106ஆக உயர்ந்துள்ளன. மடிக்கணினி முதல் மருத்துவக் கருவி வரை, விளையாட்டுச் சாமான் முதல் சூரிய மின்தகடு வரை எல்லாம் இதில் அடங்கும். உற்பத்தியாளர்களுக்கான மறுசுழற்சி இலக்கு 2023-24இல் 60 சதவீதத்தில் தொடங்கி, 2025-26இல் 70 சதவீதமாகி, 2027-28இல் 80 சதவீதத்தை எட்டும்.

இவ்விதிகளின் நடைமுறை ஒரு சந்தையாக அமைக்கப்பட்டுள்ளது. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் தாம் மீட்ட உலோகத்தின் அளவுக்கேற்பச் சான்றிதழ் பெறுகிறார். உற்பத்தியாளர் அச்சான்றிதழை விலைக்கு வாங்கித் தம் கடமையை நிறைவேற்றுகிறார். தவறினால் சுற்றுச்சூழல் இழப்பீடு செலுத்த வேண்டும். நான் முன்னர் கூறிய புறச்செலவை யாராவது ஒருவர் தலையில் கட்டியாக வேண்டும். அதைப் பொருளைச் செய்பவர் தலையில் கட்டுவதே இதன் நோக்கம். சான்றிதழிலிருந்து வரும் பணம், முறையான ஆலைக்கும் சந்துக்கும் இடையே உள்ள விலை வேறுபாட்டை நிரப்ப வேண்டும்.

நோக்கம் நன்று. ஆயினும் மாணவர்கள் ஆராய வேண்டிய ஐயங்கள் இரண்டு உண்டு. முதலாவது, சான்றிதழின் விலை. விலை மிகவும் தாழ்ந்தால் மறுசுழற்சியாளர் வேலை செய்யாமலே தாளில் கணக்குக் காட்டத் தூண்டப்படுவார். எனவே, சான்றிதழ் விலையை இழப்பீட்டுத் தொகையின் 30 சதவீதத்திற்கும் 100 சதவீதத்திற்கும் இடையே நிறுத்த 2024இல் திருத்தம் செய்யப்பட்டது. இதனால் செலவு கூடுகிறது என்று உற்பத்தி நிறுவனங்கள் சில நீதிமன்றம் சென்றன. இருதரப்பு வாதத்திலும் பொருள் உண்டு. ஆனால் செலவு புதிதாக உண்டாகவில்லை என்பதை மறத்தலாகாது. முன்பு அதைச் சீலம்பூர் செலுத்தியது. இப்போது விலைச்சீட்டில் தெரிகிறது. அவ்வளவே.

இரண்டாவது ஐயம், எதற்குச் சான்றிதழ் என்பது. பொன், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய நான்கு உலோகங்களையே அடிப்படையாகக் கொண்டு இம்முறை தொடங்கிற்று. இந்த நான்கில் இரும்பும் அலுமினியமும் செம்பும் பழைய இரும்புக் கடைக்காரரும் விடமாட்டார். லாபமற்ற ஈயக் கண்ணாடிக்கும் நெகிழிக்கும் யார் கவலைப்படுவார்? லித்தியம், கோபால்ட், அரிய மண் தனிமங்கள் போன்றவற்றை மீட்க இத்தூண்டுதல் போதாது. இக்குறையைக் கருதியே, முக்கியக் கனிமங்களை மறுசுழற்சியால் பெற 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் ஒன்றை மத்திய அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஏற்றது. மின்கலங்களுக்கென 2022இலேயே தனி விதிகள் வந்துவிட்டன. சூரிய மின்தகடுகள் பெருமளவில் கழிவாகும் காலமும் தொலைவில் இல்லை.

கபாடிவாலாவின் இடம்

சீலம்பூரைப் பற்றிப் பேசியதைக் கேட்டு, அங்குள்ளோரை விரட்டிவிட்டால் சிக்கல் தீரும் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது. வட இந்தியத் தெருக்களில் குரல் கொடுத்துச் செல்லும் கபாடிவாலாவைப் போல, நம் ஊர்களில் பழைய பொருள் வாங்க வருபவரைப் போல, வீட்டு வாசலுக்கு வந்து, எடை போட்டு, கையில் பணம் கொடுத்துச் செல்லும் சேகரிப்பு முறையை எந்த நிறுவனமும் இதுவரை உருவாக்கியதில்லை. செல்வ நாடுகளில் மக்கள் கழிவைக் கொடுக்கக் கட்டணம் செலுத்துகின்றனர். இங்கே மக்கள் கழிவுக்கு விலை எதிர்பார்க்கின்றனர். இந்த வேறுபாட்டை மறந்து வெளிநாட்டு முறையை அப்படியே நடுவது பயன் தராது.

சங்கிலியில் கேடு விளைவது எங்கே என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சேகரிப்பதிலும் வகைப்படுத்துவதிலும் தீங்கு மிகக் குறைவு. திருகாணி கழற்றிக் கையால் பிரிப்பதில், தக்க பாதுகாப்பு இருந்தால், பெருந்தீங்கு இல்லை. இயந்திரத்தைவிடக் கை இதைத் திருத்தமாகவும் செய்யும். எரிப்பதும் அமிலத்தில் இடுவதும்தான் கொடியவை. ஆகவே முதற்படிகளை அவர்களிடமே விட்டு, இறுதிப்படியை மட்டும் ஆலைக்கு மாற்றுவதே அறிவுடைமை. பலகையை எரித்தால் கிடைப்பதைவிட, எரிக்காமல் ஆலைக்கு விற்றால் அதிகம் கிடைக்கும் என்ற நிலையை உண்டாக்க வேண்டும். சான்றிதழ்ப் பணத்தில் ஒரு பகுதி அந்தக் கை வரை சென்று சேராத வரையில், திடீர்ச் சோதனைகளால் சந்து இடம் மாறுமேயன்றி மறையாது. 2021இல் கானா நாட்டின் அக்போக்ப்ளோஷி பழம்பொருள் சந்தையை இடித்தபோது நிகழ்ந்ததும் இதுவே. தொழில் ஒழியவில்லை. அக்கம்பக்கத்துத் தெருக்களுக்குச் சிதறிற்று.

அலுவலகங்கள் செய்யத்தக்கவை

இங்கு அமர்ந்திருக்கும் அலுவலர்கள் நாளையே தம் மேசையில் இத்தகைய கோப்பைக் காணக்கூடும். ஆதலால் சிலவற்றைத் தெளிவாகக் கூறிவிடுகிறேன்.

முதலாவது, பூட்டிய அறையைத் திறவுங்கள். பழைய கருவிகள் ஆண்டுக்கணக்கில் தேங்குவதற்குப் பொதுவான காரணம், கழித்துக்கட்டும் முடிவில் கையெழுத்திட யாரும் முன்வராமையே. ஐந்தாம் ஆண்டில் ஒரு பள்ளிக்குப் பயன்படக்கூடிய கணினி, பத்தாம் ஆண்டில் யாருக்கும் பயன்படாது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள், தேவையற்றது என அறிவிக்கும் அதிகாரத்தைப் பொருளை வாங்க அதிகாரம் பெற்றவருக்கே கொடுத்துள்ளன. காரணத்தைக் கோப்பில் பதிவு செய்தால் போதும். 2021 அக்டோபர் முதல் ஆண்டுதோறும் நடைபெற்று வரும் சிறப்புத் தூய்மை இயக்கம் இதற்கு நல்ல வாய்ப்பு.

இரண்டாவது, தகவல் பாதுகாப்பு. நினைவுத் தட்டில் இரகசியங்கள் உள்ளன என்னும் அச்சத்தால் பல கணினிகள் கழிக்கப்படாமல் கிடக்கின்றன. அச்சம் நியாயமானது. கோப்புகளை அழித்தாலும் அவை மீட்கத்தக்கவையே. நினைவுத் தட்டை முதலில் கழற்றி, முறைப்படி முழுவதும் அழித்து, அல்லது நொறுக்கி, அதற்குச் சான்று பெற்றுக்கொண்டு, எஞ்சிய பெட்டியை அனுப்பலாம். ஒரு சிறு பகுதிக்காக முழுக் கருவியையும் அறையில் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

மூன்றாவதும் முக்கியமானதும் ஏலம் பற்றியது. ஏலம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஏலத்தில் கலந்துகொள்ளும் தகுதியை முதலில் வரையறுங்கள் என்கிறேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரும் புதுப்பிப்பாளருமே விலை குறிப்பிடலாம் என்ற நிபந்தனையை அறிவிப்பிலேயே சேர்த்துவிட்டால், பின்னர் அவர்களுள் அதிக விலை கொடுப்பவரைத் தேர்வதில் தவறில்லை. பதிவு பெற்றவர் வாங்கி, கேட்டுக்கு வெளியே மற்றவருக்கு விற்றுவிடுவதும் உண்டு. ஆதலால் கருவிகள் ஆலையை அடைந்ததற்கான எடைச்சீட்டைக் கேட்டுப் பெறுவது நல்லது. ஒரு நிதியாண்டில் ஆயிரம் கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் அமைப்புகளையே புதிய விதிகள் பெருநுகர்வோர் என்று வரையறுத்து, பதிவு பெற்றோரிடமே கழிவை ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. ஒரு சிறிய அலுவலகம் இந்த எண்ணிக்கைக்குள் வராமல் போகலாம். அதனால் அதன் 30 கணினிகளில் உள்ள ஈயம் குறைந்துவிடுவதில்லை.

நான்காவது, எது என்று அறியாமல் எதையும் விற்காதீர்கள். 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் நிகழ்ந்ததை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஓர் உயர்கல்வி நிறுவனம் 1968இல் வாங்கி, 1985 முதல் பயன்படுத்தாமல் வைத்திருந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்று, 2010 பிப்ரவரியில் பழைய சாமானோடு சாமானாக ஏலம் விடப்பட்டது. அதனுள் கோபால்ட்-60 இருந்தது. பிரித்தெடுத்த தொழிலாளிகள் கதிர்வீச்சுக்கு ஆளாகி, ஒருவர் உயிரிழந்தார். பலர் கொடிய காயமுற்றனர். இருபத்தைந்து ஆண்டுகள் அறையில் கிடந்த காலத்தில் அதை அறிந்தவர்கள் ஓய்வு பெற்றுச் சென்றுவிட்டனர். இருப்புப் பதிவேட்டில் அது வெறும் ஒரு வரியாக எஞ்சியிருந்தது. மின்னணுக் கழிவு இவ்வளவு விரைவாகக் கொல்வதில்லை. ஆயினும் மனிதனின் மறதி ஒன்றே. கோப்பின் நடை ஒன்றே.

பழுது பார்க்கும் பண்பு

மறுசுழற்சியைப் பற்றி இவ்வளவு பேசினாலும், அது கடைசி வழியே என்பதை நினைவில் கொள்க. எவ்வளவு சிறந்த ஆலையும், ஒரு கருவியைச் செய்யச் செலவான ஆற்றல் முழுவதையும் மீட்டுத் தராது. இன்னும் இரண்டு ஆண்டுகள் கூடுதலாகப் பயன்படும் கருவி, இரண்டு ஆண்டுகள் தள்ளிப் போடப்பட்ட சுரங்கமாகும். திருகாணிக்குப் பதில் பசையால் ஒட்டப்பட்ட உறையும், கடையில் கிடைக்காத உதிரிப் பாகமும் பழுது பார்ப்பதைத் தடுக்கின்றன. நுகர்வோருக்குப் பழுது பார்க்கும் உரிமை உண்டு என்னும் கருத்தை ஏற்று, நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் தொடங்கப்பட்டது. அரசு பெரிய கொள்முதல்காரர். பழுது பார்க்கத்தக்க கருவியையே வாங்குவோம், ஐந்து ஆண்டுகள் உதிரிப் பாகம் தருவதாக ஒப்புக்கொள்பவரிடமே வாங்குவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால், சந்தை அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

நண்பர்களே, ஒரு பொருளை வாங்கும்போது நாம் நூறு கேள்விகள் கேட்கிறோம். மூன்று ஒப்பந்தப்புள்ளிகள், இரண்டு குழுக்கள், ஒரு நிதி ஒப்புதல். அதைக் கழிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு நிறுத்திவிடுகிறோம்: எவ்வளவு கிடைக்கும்? இனி இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டுகிறேன்: இது எங்கே போகும்? நான் 2008இல் அக்கேள்வியைக் கேட்டிருந்தால், குறைந்த விலை கொடுத்த அந்த மனிதரின் கடிதத்தோடு இணைந்திருந்த குறிப்பை மறுமுறை படித்திருப்பேன். கோப்பில் அதற்கு இடம் இல்லை என்று அன்று எண்ணினேன். இடம் இருந்தது, அதை எழுத நான் முன்வரவில்லை. இன்று விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. அந்தக் குறிப்பை எழுதுவது உங்களுக்கு எளிது.